சாம்பார் சாதம் வந்த வழி

ஒரு தட்டு சாம்பார் சாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, துவரம்பருப்பு, புளி, சின்ன வெங்காயம், தக்காளி, முருங்கைக்காய், கறிவேப்பிலை. வீவக தாழ்வாரத்தில் யாரோ ஒரு பாட்டி தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலையை விட்டுவிட்டால், இந்தப் பட்டியலில் கிட்டத்தட்ட எல்லாமே கடல் கடந்தோ பாலம் கடந்தோதான் சிங்கப்பூருக்குள் வருகின்றன. நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. அது 180க்கும் அதிகமான நாடுகள், வட்டாரங்களிலிருந்து வருகிறது. துவரம்பருப்பு விளையும் இந்தியாவே தன் தேவைக்குப் போதாமல் மியன்மாரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பருப்பு வாங்குகிறது என்றால், ஒரு கரண்டி சாம்பாருக்குள் எத்தனை துறைமுகங்கள் இருக்கக்கூடும் என்று பாருங்கள்.

காலை வானொலி நிகழ்ச்சி செய்பவள் நான். நான்கு மணிக்கு வீட்டைவிட்டு இறங்கினால் சாலையில் எனக்குத் துணை பெரும்பாலும் லாரிகள்தான். ஏழு மணிக்கு நேயர்கள் அழைப்பார்கள். விலை ஏறிய நாள்களில் பேச்சு நேராகச் சமையலறைக்கு வந்துவிடும். “ஏம்மா, வெங்காயம் ஏன் இந்த விலை விக்குது?” வணிகப் பாடநூலில் இதற்கு ‘விநியோகத் தொடர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை ஒலிபெருக்கியில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதை நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று இந்த முறை விடுப்பு எடுத்தேன். தக்காளி, வெங்காயம், அரிசி ஆகிய மூன்றின் பின்னால் போவது என்று முடிவு.

மலையில் மாலை மூன்று மணி

பேராக் மாநிலத்தின் தாப்பாவில் நெடுஞ்சாலையைவிட்டு விலகினால், தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் மலைப்பாதை. வளைவுக்கு வளைவு காது அடைக்கும், பிறகு திறக்கும். 1885ஆம் ஆண்டு நில அளவைக்காக இந்தப் பக்கம் வந்த வில்லியம் கேமரனின் பெயரைத்தான் மலை தாங்கி நிற்கிறது. போ தேயிலைத் தோட்டம் 1929ல் தொடங்கியது. தேயிலையோடு தமிழர்களும் மலையேறினார்கள். பிரிஞ்சாங்கில் இருக்கும் தண்டாயுதபாணி கோயில் அதற்குச் சாட்சி.

சுற்றுப்பயணிகள் ஸ்திராபெரி பறித்து, தேநீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். சற்று மேலே போய் கியா ஃபார்ம், கம்போங் ராஜா பக்கம் திரும்பினால் வேறொரு மலை தெரியும். சரிவு முழுக்க ஞெகிழிக் கூரைகள். தூரத்திலிருந்து பார்த்தால் மலைக்கு யாரோ வெள்ளைப் போர்வை போர்த்தியதுபோல் இருக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். இந்தக் குளிரில் முட்டைக்கோஸ், தக்காளி, சாலட் கீரை, குடைமிளகாய் எல்லாம் நன்றாக வரும். கூரை வெயிலுக்காகப் போட்டது அல்ல, மழைக்காக. இலை நனைந்தபடியே இருந்தால் தக்காளிக்கு நோய் தொற்றிக்கொள்ளும்.

தமிழ் விவசாயி ஒருவரின் தோட்டத்தில் நின்றேன். கொடியில் பறித்துக்கொண்டிருந்த தக்காளிகள் பாதி பச்சை, பாதி இளஞ்சிவப்பு. பழுக்கவில்லையே என்று கேட்டேன்.

“பழுத்துப் பறிச்சா ஜோகூர் போய்ச் சேர்றதுக்குள்ள கூழாயிரும், தங்கச்சி. நிறம் திரும்புறப்பவே எடுத்திடணும். மீதிய அது லோரியில படுத்துக்கிட்டே பழுத்துக்கும்.”

அன்றைக்கு எனக்குப் புரிந்த முதல் பாடம் இதுதான். தக்காளிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பறித்த நொடியில் அதை நிறுத்த முடியாது. ஆனால் அது எந்த ஊரில் எத்தனை மணி காட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பறிக்க முடியும். ஈப்போ சந்தைக்குப் போவது கொஞ்சம் சிவப்பாக, சிங்கப்பூருக்குப் போவது கொஞ்சம் பச்சையாக.

பறித்ததைக் கொட்டகையில் தரம் பிரிக்கிறார்கள். பறிப்பவர்களும் பிரிப்பவர்களும் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். ஒரே அளவில் உருண்டையாக இருப்பவை பேரங்காடிக்கு. சற்றுக் கோணலாக இருப்பவை சந்தைக்கும் உணவகத்துக்கும். ருசியில் வித்தியாசம் ஒன்றுமில்லை. நாம் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து வைத்துவிடும் அந்த ஒரு நொடிதான் இந்தப் பிரிவினையை மலைமேலேயே செய்யவைக்கிறது.

மாலை மூன்று மணிக்குமேல் லாரிகளில் ஏற்றத் தொடங்கினார்கள். இன்றைக்கு என்ன விலை கிடைக்கும் என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார்.

“லோரி ஏறுறப்ப விலை தெரியாது. நாளைக்குக் காலையில தவுக்கே போன் பண்ணுவாரு. அப்பதான் நான் சம்பாதிச்சேனா, சும்மா உழைச்சேனான்னு தெரியும்.”

உரம், விதை, கூலி, ஞெகிழிக் கூரை என எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் கட்டியவர். விற்பனை விலையைக் கடைசியாகத் தெரிந்துகொள்பவரும் அவர்தான். ஆண்டு இறுதியில் பருவமழை வலுத்தால் விளைச்சல் குறையும், சிங்கப்பூரில் கீரை விலை ஏறும். “அப்ப உங்களுக்கு நல்ல விலைதானே?” என்றேன். “விலை இருக்கும். காய் இருக்காதே!” என்றார்.

பாலத்தில் நள்ளிரவு

கேமரனிலிருந்து சிங்கப்பூர் 500 கிலோமீட்டருக்கும் மேல். நான் பேருந்தில் திரும்பினேன். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் எங்களோடு ஓடிய காய்கறி லாரிகளை எண்ணத் தொடங்கி, சிரம்பானுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு நிறுத்தத்தில் ஓட்டுநர் ஒருவர் தேத்தாரேக் குடித்துக்கொண்டிருந்தார். பகலில் தூங்கி இரவில் ஓட்டுகிறவர். பிள்ளைகளைப் பார்க்கும் நேரம் மாலை ஒரு மணி நேரம். “ஜேம்ல ரெண்டு மணி நேரம் போனா சரக்குக்கு விலை போயிரும்” என்று சொல்லிவிட்டுப் பாதித் தேநீரோடு எழுந்தார்.

1924ல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். நம் சாப்பாட்டு மேசைக்கும் மலேசியத் தோட்டங்களுக்கும் நடுவில் இதுவும் 1998ல் வந்த துவாஸ் இரண்டாம் பாலமுமே தரைவழி. உரிமம் பெற்ற இறக்குமதியாளர் ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். காய்கறி, பழப் பெட்டி ஒவ்வொன்றின்மீதும் விளைவித்தவரின் பெயர், முகவரி, பொருள் என்ன, எந்தத் தேதியில் கட்டியது அல்லது ஏற்றுமதியானது என்று எழுதியிருக்க வேண்டும். பூச்சிக்கொல்லி அளவுக்கு மேல் இருக்கிறதா என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு மாதிரி எடுத்துச் சோதிக்கிறது. ஒரு பெட்டியில் தவறு தெரிந்தால், அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டே எந்தத் தோட்டம் என்பதுவரை திரும்பிப் போகலாம். அடுத்தமுறை சந்தையில் காலிப்பெட்டி கிடந்தால் குனிந்து படித்துப் பாருங்கள். நீங்கள் பார்த்தேயிராத ஒரு மலைக்கிராமத்தின் முகவரி அதில் இருக்கும்.

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை நடப்புக்குக் கொண்டுவந்தபோது, இந்த ஒரு கிலோமீட்டரைப் பற்றித்தான் ஊரே பேசியது. மனிதர்கள் நின்றார்கள். சரக்கு லாரிகள் தொடர்ந்து ஓடின. அன்று ஓட்டிய ஓட்டுநர்களின் பெயர் நம்மில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வாரமும் நாம் கீரை சமைத்தோம்.

பாசிர் பாஞ்சாங்கில் அதிகாலை மூன்று மணி

வெஸ்ட் கோஸ்ட் நெடுஞ்சாலையை ஒட்டி, துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் விளக்கோடு நிற்பது தெரியும் தூரத்தில் இருக்கிறது பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையம். 1983ல் திறக்கப்பட்டது. பழமும் காய்கறியும் இங்கே மொத்தமாகக் கைமாறுகின்றன. வெங்காயம், பூண்டு, இஞ்சி, உலர்பொருள் கடைகள் தனி வரிசை. வாசனையை வைத்தே எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

ஊர் தூங்கும் நேரத்தில் இங்கே நடக்க இடமில்லை. பாரந்தூக்கி வண்டிகள் பின்னால் வரும் சத்தம், ஹொக்கியனிலும் மலாயிலும் தமிழிலும் கூப்பாடு, ஈரத்தரை. “அக்கா, ஒதுங்கிக்குங்க, ஒதுங்கிக்குங்க!” என்று தள்ளுவண்டியோடு என்னைக் கடந்துபோன இளைஞருக்குப் புதுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊராம். ஈரச்சந்தைக் கடைக்காரர்கள், உணவகக்காரர்கள், அக்கம்பக்கத்து மளிகைக் கடைக்காரர்கள் பெட்டிகளைத் திறந்து, ஒரு கீரைத் தண்டை ஒடித்துப் பார்த்து, கண்ணாலேயே விலை பேசுகிறார்கள். கேமரன் விவசாயிக்கு வரப்போகும் தொலைபேசி அழைப்பின் எண் இங்கேதான் உருவாகிறது.

குளிர் அறைகளை ஒருவர் சுற்றிக் காட்டினார். எல்லாவற்றையும் நன்றாகக் குளிரவைத்தால் போதும் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. கீரை வகைகளுக்கு உறைநிலைக்குச் சற்று மேலே, நான்கு பாகைக்குள் வேண்டும். வெண்டைக்காய்க்கு ஏழிலிருந்து பத்து. அதற்குக் கீழே போனால் மேலெல்லாம் கறுப்புப் புள்ளி விழும். வாழைப்பழத்துக்குப் பதின்மூன்று. அதைவிடக் குளிர்ந்தால் தோல் கறுத்துவிடும். தக்காளியை அதிகம் குளிரவைத்தால் கெடாமல் இருக்கும், ஆனால் ருசி போய்விடும். போதாததற்கு, பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. அவற்றின் பக்கத்தில் கீரையை வைத்தால் கீரை சீக்கிரம் மஞ்சளாகும். ஆகையால் ஒரே லாரியில் எதன் பக்கத்தில் எதை வைப்பது என்பதே ஒரு கல்வி.

அந்தக் கல்வி வீட்டுக் குளிர்ப்பெட்டிக்கும் பொருந்தும். தக்காளி பழுக்கும்வரை வெளியே இருக்கட்டும். ஆப்பிளையும் கொத்தமல்லியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஐந்தரை மணிக்குக் கூட்டம் வடிந்தது. தரையில் முட்டைக்கோஸின் வெளி இலைகள் குவிந்து கிடந்தன. நெடுவழியில் கசங்கிய இலைகளை உரித்துவிட்டு உள்ளே இருக்கும் வெளிர்பச்சையைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். அந்தக் குவியலுக்கும் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், யாரோ இரவெல்லாம் ஓட்டி வந்திருக்கிறார்கள்.

தேக்காவில் காலை ஏழு மணி

அங்கிருந்து நேராகத் தேக்கா. ஹொக்கியனில் ‘மூங்கில் புதரடி’ என்று பொருள் தரும் பெயர். 1915ல் கட்டிய கண்டாங் கெர்பாவ் சந்தை சாலைக்கு எதிர்ப்புறம் இருந்தது. இப்போதைய கட்டடம் 1982ல் வந்தது. கீழே மீன், ஆட்டிறைச்சி, காய்கறி. பக்கத்து பஃப்ளோ ரோட்டில் வரிசையாக நம் காய்கறிக் கடைகள். வாழையிலைக் கட்டு, கொத்தவரை, சுண்டைக்காய், புடலை. சில நிமிடம் எந்த ஊரில் நிற்கிறோம் என்பதே மறந்துபோகும்.

இங்கேதான் தமிழ்நாட்டு முருங்கைக்காய் கிடைக்கிறது. திருச்சி, சென்னை விமானங்களில் பயணிகளின் காலடியில், விமானத்தின் வயிற்றுப் பகுதியில் காய்கறியும் பூவும் வருகின்றன. உங்கள் அத்தை இருக்கையில் தூங்கிக்கொண்டு வந்தபோது, அவருக்குக் கீழே நாளைய சாம்பாரும் வந்துகொண்டிருந்திருக்கலாம். 2020 மார்ச்சில் இந்தியா அனைத்துலகப் பயணிகள் விமானங்களை நிறுத்தியபோது, அந்த வயிற்றுப் பகுதியும் சேர்ந்து நின்றது. ஆள் வராவிட்டால் முருங்கையும் வராது என்பதைத் தேக்கா அன்றுதான் கண்கூடாகப் பார்த்தது.

வெங்காயம் விமானம் ஏறாது. அதன் கடிகாரம் மெதுவானது. மகாராஷ்டிராவில் நாசிக்கைச் சுற்றிய வயல்களில் மார்ச் முதல் மே வரை அறுவடையாகும் ராபி பருவ வெங்காயம்தான் இந்தியாவின் பெரும்பங்கு. காற்றோட்டமான கொட்டகைகளில் அதைப் பரப்பி வைத்து மாதக்கணக்கில் விற்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பழைய இருப்பு தீரும், புதியது வரத் தாமதமாகும். அந்த இடைவெளியில் மழையும் கெடுத்துவிட்டால் லாசல்காவ் சந்தையில் விலை துள்ளும். அங்கே துள்ளினால் டெல்லியில் அரசியல், டெல்லியில் அரசியல் என்றால் ஏற்றுமதிக்குத் தடை, தடை என்றால் தேக்காவில் விலை.

நடந்ததும் அதுதான். 2023 ஆகஸ்ட்டில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி போட்டது. டிசம்பர் 8ஆம் தேதி ஏற்றுமதியையே நிறுத்தியது. 2024 மே மாதம் குறைந்தபட்ச விலையும் வரியும் விதித்துத்தான் மீண்டும் திறந்தது. தன் நாட்டுச் சமையலறையை ஓர் அரசாங்கம் முதலில் பார்ப்பது இயல்பு. ஆனால் அந்த முடிவின் முனை வந்து குத்தும் இடம் இந்தத் தெருவாகவும் இருந்தது.

பஃப்ளோ ரோட்டில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் அந்த மாதங்களை நினைவுகூர்ந்தார். வேறு நாட்டு வெங்காயம் மொத்த விற்பனையாளரிடம் கிடைத்தது. பெரிதாக, நீர் அதிகமாக, காரம் குறைவாக. அதை வாங்கி அடுக்கினால் வாடிக்கையாளர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்களாம்.

“இருபது வருஷமா வர்ற அம்மா. ‘என்ன தம்பி, இந்த வெங்காயத்த வச்சு எப்படி வதக்குறது?’ன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. மறுவாரம் திரும்பி வந்தாங்க. ‘கொஞ்சம் நேரம் கூட வதக்குனா சரியா வருது’ன்னாங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் எனக்கு மூச்சு வந்துச்சு.”

அந்த வாரம் அவர் வாங்கி வைத்திருந்த மூட்டைகள் விற்காமல் அழுகியிருந்தால் நட்டம் அவருடையது மட்டும். இறக்குமதியாளர் ஏற்கெனவே விற்றுவிட்டார். தொடரின் கடைசிக் கண்ணியில் நிற்பவர், நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவரும்கூட.

2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது கோழிச்சோற்றுக் கடைகளில் நடந்ததும் இதே கதைதான். மாதத்துக்கு 36 லட்சம் கோழி வரை வெளிநாடு போய்க்கொண்டிருந்தது ஒரே நாளில் நின்றது. அன்று காலை அறுத்த கோழிதான் வேண்டும் என்ற கடைகள் தவித்தன, சில கதவடைத்தன. பிரேசிலின் உறைந்த கோழிக்குப் பழகிய சமையலறைகள் வழக்கம்போல் ஓடின. மாற்றுவழி என்பது துறைமுகத்தில் மட்டும் இருந்தால் போதாது, அடுப்படியிலும் இருக்க வேண்டும் என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

கிடங்கில் காத்திருக்கும் பொன்னி

மூன்றாவது பொருள் அரிசி. அதன் கடிகாரம் இன்னும் நிதானமானது. நம் வீடுகளில் புது அரிசியைவிடப் பழைய அரிசிக்குத்தானே மதிப்பு! அதனால் அதைச் சேமித்து வைக்க முடியும். சிங்கப்பூர் அதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. அரிசிச் சேமிப்புத் திட்டத்தின்கீழ், குறிப்பிட்ட வகை அரிசியை இறக்குமதி செய்பவர்கள் மாதம் கொண்டுவரும் அளவைப்போல இரு மடங்கை எப்போதும் கிடங்கில் வைத்திருக்க வேண்டும். அரிசி அவர்களுடையதுதான். பழையதை விற்றுப் புதியதை வைத்துச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். நெருக்கடி வந்தால் இழப்பீடு கொடுத்து அரசாங்கம் எடுத்துக்கொள்ளலாம். வெள்ளை அரிசி, பாஸ்மதி, புழுங்கல் ஆகியவற்றோடு பொன்னி அரிசியும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. காவிரியின் மறுபெயர் சிங்கப்பூர் அரசாங்கத்தின் அவசரகாலப் பட்டியலில் இருப்பது எனக்கு என்னவோ மகிழ்ச்சியாக இருந்தது.

அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. பொன்னியின் தாய்வீடு மலேசியா. அங்கே உருவாக்கப்பட்டு 1965ல் வெளியிடப்பட்ட நெல் ரகத்துக்கு லங்காவிக் கதையின் நாயகி மசூரியின் பெயரை வைத்தார்கள். அந்த மசூரி தமிழ்நாட்டுக்குப் போய்ப் பொன்னி ஆனது. அதிலிருந்து தேர்ந்தெடுத்துத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986ல் வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது. தஞ்சாவூரிலிருந்து வந்த அரிசி என்று நாம் பெருமையோடு வாங்கும் மூட்டை, ஒரு வகையில் பிறந்த வட்டாரத்துக்குத் திரும்பிவந்த பேத்தி.

2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது இந்தக் கிடங்குகள்தான் அவகாசம் வாங்கித் தந்தன. சிங்கப்பூர் பேச்சு நடத்தியது. ஆகஸ்ட் இறுதியில் 50,000 டன் அரிசியைச் சிங்கப்பூருக்கு அனுப்ப இந்தியா தனி அனுமதி தந்தது. தக்காளியை இப்படி வைத்துக்கொண்டு பேச்சு நடத்த முடியாது. பேசி முடிப்பதற்குள் அழுகிவிடும். எந்தப் பொருளைச் சேமிப்பது, எதற்கு இரண்டாவது ஊர் தேடிவைப்பது, எதை அன்றன்றைக்கு ஓட்டிக்கொண்டு வருவது என்று பிரித்து அறிவதுதான் இந்தத் தொழிலின் சாரம்.

அடுக்கு காலியான வெள்ளிக்கிழமை

பயணத்தின் கடைசி நிறுத்தம் நம் வீட்டுக்குக் கீழே இருக்கும் பேரங்காடி. விளக்கு வெளிச்சத்தில் தக்காளி அடுக்கியிருக்கிறது. இரவெல்லாம் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அந்த அடுக்கு வேறுமாதிரி தெரிந்தது. நிறைந்திருக்கும் அடுக்கைப் பார்த்துக் கடைக்குப் பின்னால் பெரிய கிடங்கு இருக்கிறது என்று நினைப்போம். கிளைகளில் பின்னறை மிகச் சிறியது. இன்று விற்றதை வைத்து நாளைக்கு எவ்வளவு என்று கணக்கு போகும். இரவில் விநியோக நிலையத்திலிருந்து லாரி வரும். அடுக்கை நிரப்பி வைத்திருப்பது நேரம் தவறாமைதான்.

2020 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. கிருமித்தொற்று எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்தது. அன்று மாலையே அரிசி, மீ, கழிவறைத் தாள் அடுக்குகள் காலியாயின. நாட்டில் அரிசி குறையவில்லை. நாம் எல்லாரும் ஒரே மாலையில் கடைக்குப் போனோம், அவ்வளவுதான். இரண்டு நாளில் ஃபேர்பிரைஸ், ஒருவருக்கு அரிசி இரண்டு மூட்டை, உடனடி மீ நான்கு கட்டு, காய்கறி 50 வெள்ளிக்கு மட்டும் என்று வரம்பு வைத்தது.

இத்தகைய பதற்றத்துக்கு இத்துறையில் ‘சாட்டை விளைவு’ என்று பெயர். கைப்பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரிய வீச்சு. நாம் ஒரு மூட்டை கூடுதலாக வாங்கினால் கடை இரண்டு மடங்கு கேட்கும், மொத்த விற்பனையாளர் மூன்று மடங்கு கேட்பார், தோட்டத்தில் அதை நம்பிக் கூடுதலாக நடுவார்கள். அது விளைந்து வரும்போது நம் வீட்டில் பழைய மூட்டையே தீர்ந்திருக்காது. அப்போது விலை சரியும். அந்தத் தொலைபேசி அழைப்பு யாருக்குப் போகும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஆக, சாட்டையின் கைப்பிடி நம் கையில்தான் இருக்கிறது. இன்றிரவே குடிக்கப்போகும் பாலுக்கு அடுக்கின் பின்வரிசையில் கைவிட்டுப் புதிய தேதியைத் தேட வேண்டியதில்லை. நாம் ஒதுக்கிய முன்வரிசைப் பால்தான் மறுநாள் குப்பைக்குப் போகிறது. கோணல் தக்காளி ரசத்தில் கோணலாகத் தெரியாது. தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லாரும் வாங்கும் பருப்பையும் எண்ணெயையும் மூன்று வாரம் முன்னால் வாங்கிவைத்தால் கடைக்கும் நல்லது, நம் பணப்பைக்கும் நல்லது. வழக்கமான வெங்காயம் வராத மாதத்தில், வந்த வெங்காயத்தை வாங்கிக் கொஞ்சம் கூடுதலாக வதக்கினால், பஃப்ளோ ரோட்டில் ஓர் அண்ணனுக்கு மூச்சு வரும்.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு

கேமரன் மலைக்குத் தாப்பா வழியாகவும் போகலாம், ஈப்போவுக்கு அருகில் சிம்பாங் பூலாய் வழியாகவும் போகலாம். காய்கறித் தோட்டங்களைப் பார்க்க இரண்டாவது வழி வசதி. கம்போங் ராஜா அந்தப் பக்கம்தான். தோட்டங்கள் தனியார் இடம். கேட்டுவிட்டு நுழையுங்கள். பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் மலைப்பாதை நகராது, காய்கறி லாரிகளும் அதே பாதையில்தான் இறங்க வேண்டும். முடிந்தால் வார நாளில் போங்கள்.

பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்துக்குப் பிள்ளைகளை நள்ளிரவில் அழைத்துப்போக வேண்டாம். விடிந்த பிறகும் கடைகள் இருக்கும். வழுக்காத காலணி அணியுங்கள், பாரந்தூக்கி வண்டிக்கு வழிவிடுங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போனால் ஒரு பெட்டி பழமோ ஒரு மூட்டை வெங்காயமோ வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம்.

தேக்காவுக்கு வழி சொல்லத் தேவையில்லை. காலை எட்டு மணிக்கு முன் போனால் இறக்கிக்கொண்டிருக்கும் பெட்டிகளைப் பார்க்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை கூட இருந்தால், ஒவ்வொரு பெட்டியிலும் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். கம்போங் ராஜா, நாசிக், திண்டுக்கல் என்று அவள் படித்துக்கொண்டே வரட்டும். சந்தையைச் சுற்றி முடிப்பதற்குள் பாதி உலகம் வந்துவிடும்.